கேசட்டுக்குள்ள இருக்கிறது யாரு சொத்து?

(என் கருத்து – ஒன்பதாம் வகுப்பு மாணவி)



நம்ம சுவர் இதழில் மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எல்லாம் நல்லதுதான். நான் இந்த முறை வேற ஒன்றைச் சேமிக்கச் சொல்லி எழுதுகிறேன். அதுதான் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய வீடியோ கேசட்.

நம்ம அப்பா அம்மா கல்யாணம், அத்தை கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் அந்தக் கறுப்புக் கேசட்டில்தான் இருக்கு. வி.எச்.எஸ். என்னும் இந்த வகையை 1976-இல் ஜப்பானில் ஜே.வி.சி. கம்பெனி கொண்டுவந்தது. நம்ம ஊர்ப் பக்கம் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த கதையை எல்லார் வீட்டிலும் சொல்வார்கள். கடைசிவரை டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் என்ற ஜப்பான் கம்பெனியும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இப்போது இருக்கிற பழைய டெக்குகளும் ரிப்பேர் ஆகிவிட்டால் கேசட் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

கேசட்டும் நமக்காகக் காத்திருக்காது. உள்ளே இருப்பது அரை அங்குல அகல பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் இரும்பு ஆக்சைடு தூளைப் பசை மாதிரி ஒன்றால் ஒட்டியிருப்பார்கள். படமும் சத்தமும் அந்தத் தூளில் காந்தமாகப் பதிந்திருக்கிறது. ஈரம் பட்டால் பசை இளகும், பூஞ்சை பிடிக்கும், தூள் உதிரும். தூள் உதிர்ந்த இடத்தில் படமும் இல்லை, சத்தமும் இல்லை. ஓட்டுக்கூரை வீட்டில் மழை நேரத்தில் பரண் எப்படி இருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம்.

அதனால் டி.வி.டி.யில் ஏற்ற வேண்டும் என்று நான் சொன்னால் சிலர் பயமுறுத்துகிறார்கள். "காப்பிரைட் கேஸ் வரும்" என்கிறார்கள். இது எங்க வீட்டிலேயே நடந்தது. என் அத்தை கல்யாணம் 1997-இல் நடந்தது. அந்தக் கேசட்டில் எங்க அப்பத்தா பேசுது. பந்தியில் நின்று இலை போடச் சொல்லி சத்தம் போடுமாம். அப்பத்தா நான் பிறப்பதற்கு முன்னாடியே இறந்துபோச்சு. போட்டோ ஒன்று இருக்கு, குரல் வேறு எதிலும் இல்லை. அப்பா கேசட்டை டவுனுக்கு எடுத்துக்கிட்டுப் போனார். ஒரு கடையில், "சினிமாப் பாட்டு சேர்த்திருக்கு, காப்பி போட மாட்டேன்" என்றார்களாம். இன்னொரு கடையில், "அன்னைக்கு எடுத்த ஸ்டூடியோகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார்களாம். அந்த ஸ்டூடியோவை மூடியே ரொம்ப வருஷம் ஆச்சு. கேசட் திரும்பவும் பரணுக்குப் போய்விட்டது.

கடைக்காரர்கள் பயப்படுவதிலும் காரணம் இருக்கு. 2004-இல் திருட்டு வீடியோ போடுகிறவர்களையும் தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். 2017-இல் இளையராஜா தன் பாடல்களை அனுமதி இல்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். இதையெல்லாம் கேட்டவர்களுக்கு காப்பிரைட் என்றாலே கை நடுங்கத்தானே செய்யும்? ஆனால் திருட்டு வீடியோ வேறு, வீட்டு வீடியோ வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17-இல் தெளிவாக இருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் படத்துக்கும் முதல் உரிமையாளர் அந்த எடுக்கச் சொன்னவர்தான். வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் மட்டும்தான் அது மாறும். அப்படியென்றால் அத்தை கல்யாண வீடியோ, அன்றைக்குக் காசு கொடுத்த எங்க தாத்தாவுடையது. எடுத்தவர் பேர் கேசட் ஆரம்பத்தில் பூப்பூவாக வந்தாலும் சரி!

அடுத்தது சினிமாப் பாட்டு. பாட்டு நம்முடையது இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே சட்டத்தின் பிரிவு 52, சொந்த உபயோகத்துக்காக நியாயமான முறையில் பயன்படுத்துவது உரிமை மீறல் ஆகாது என்கிறது. 2012-இல் செய்த திருத்தத்தில் இதைப் படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் சேர்த்து விரிவாக்கினார்கள். கல்யாண வீட்டில் பாட்டுப் போடுவதற்கும் அந்தப் பிரிவில் தனியாக விலக்கு இருக்கு. ஆகவே பரணில் கெட்டுப்போகிற சொந்தக் கேசட்டை ஒரு டி.வி.டி.யில் ஏற்றி, வீட்டுக்குள் உட்கார்ந்து பார்ப்பது திருட்டு இல்லை என்பது என் கருத்து. இதை எழுதிக் காட்டியதும் அப்பா, "சரி, இன்னொரு கடையில கேட்டுப் பார்ப்போம்" என்றார்.

அதற்காக எல்லாமே இலவசம் என்று நினைக்கக் கூடாது. கடையில் வாங்கிய சினிமாக் கேசட்டைக் காப்பி போட்டு விற்றால் அது திருட்டுத்தான். பாட்டெழுதியவர், இசையமைத்தவர், வாசித்தவர் எல்லாருக்கும் வயிறு இருக்கு. வீட்டு வீடியோவைக்கூட இன்டர்நெட்டில் ஏற்றினால் கதை மாறிவிடும். அது சொந்த உபயோகம் இல்லை, ஊருக்குக் காட்டுவது. பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் சத்தத்தை நிறுத்தவும் முடியும், வீடியோவை எடுக்கச் சொல்லவும் முடியும்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிசாகத் தெரிவது இன்னொன்று. கேசட்டில் இருக்கிறவர்களிடம் கேட்டோமா? அத்தைக்கு அப்போது வயசு 19. மாமா இப்போது இல்லை. "கல்யாணத்தை நான் பார்க்க மாட்டேன். எங்க அம்மா பேசுற இடத்த மட்டும் போட்டுக் காட்டு" என்று அத்தை சொல்கிறது. பணம் கொடுத்தது தாத்தாவாக இருக்கலாம். ஆனால் அத்தையின் முகத்தை யாருக்குக் காட்டலாம் என்று அத்தைதானே சொல்லணும்? பெண்பிள்ளைகளின் பழைய வீடியோவை "சும்மா ஜாலிக்கு" போனில் அனுப்புகிற அண்ணன்மார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கேசட் வைத்திருப்பவர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள், டெக்கின் ஹெட்டும் கெட்டுவிடும், அடுத்த கேசட்டும் கெட்டுவிடும். கேசட் முதுகில் உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் மேலே தெரியாமல் வேறு எதுவும் பதிவாகாது. மூன்று மணி நேரக் கேசட்டை ஏற்ற மூன்று மணி நேரமும் ஓட்டித்தான் ஆக வேண்டும், அதனால் கடைக்காரர் கேட்கும் கூலியை அநியாயம் என்று சொல்லாதீர்கள். டி.வி.டி.யும் கீறல் விழுந்தால் போச்சு. ஒரு காப்பியைப் பென் டிரைவில் போட்டு வேறொரு சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். ஊராட்சியோ நூலகமோ ஒரு நல்ல டெக்கும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற கருவியும் வாங்கி வைத்தால், ஊரில் உள்ள எல்லாருடைய கேசட்டையும் முறை வைத்து ஏற்றிவிடலாம். தலைவர் அவர்கள் அடுத்த கிராம சபையில் இதைப் பேச வேண்டும். அதுவரைக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க வீட்டுக் கேசட்டை எடுத்து வெயில் படாத காய்ந்த இடத்தில் நிறுத்தி வையுங்கள். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். கேசட் போனால்கூடச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.