பழைய கிட்டாருக்குப் புது பெயிண்ட் தேவையா?

போன தடவை ஜி.எஸ்.டி. பற்றி எழுதி எல்லாரையும் தூங்க வைத்துவிட்டேன் என்று வகுப்பில் ஒரே புகார். அதனால் இந்த முறை கிட்டார். ஆனாலும் எழுதுவது பி.காம். மாணவன் என்பதால் நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். நம் வகுப்பு நண்பன் ஒருவன் பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கியிருக்கிறான். "பெயிண்ட உரிச்சுட்டு மேட் பிளாக் அடிக்கப் போறேன், எப்படி இருக்கும் சொல்லுடே" என்று மார்த்தாண்டம் பஸ்ஸில் வைத்துக் கேட்டான். நான் "அடிக்காத" என்றேன். "ஏன்?" என்றான். அதற்குள் அவன் ஸ்டாப் வந்துவிட்டது. பஸ்ஸில் சொல்ல முடியாமல் போன பதில்தான் இது.

அவன் வாங்கியது 'ஸ்டூடண்ட் மாடல்' வகை. அதாவது கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கென்று மலிவாகச் செய்வது. இந்த வகையைப் பிரபலமாக்கியவை அமெரிக்கக் கம்பெனிகள். கிப்சன் 1954-ல் லெஸ் பால் ஜூனியரையும் 1959-ல் மெலடி மேக்கரையும் கொண்டுவந்தது. ஃபெண்டர் 1956-ல் மியூசிக்மாஸ்டர், டுவோ-சோனிக் இரண்டையும், 1964-ல் மஸ்டாங்கையும் இறக்கியது. செலவை எங்கே குறைத்தார்கள்? வளைவு நெளிவு இல்லாத பலகை போன்ற பாடி, ஒன்றோ இரண்டோ பிக்கப், அலங்காரம் எதுவும் கிடையாது. சின்னக் கைகளுக்கு எட்டவேண்டும் என்று கம்பியின் நீளத்தையும் குறைத்தார்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 25.5 அங்குலம் என்றால் முதலில் வந்த டுவோ-சோனிக்கில் 22.5 அங்குலம்தான்.

இதெல்லாம் பிறகு பழைய சாமானாகி மலிவு விலைக்கு வந்தது. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் போன்றவர்கள் கையில் எடுத்ததும் கதை மாறியது. 1991-ல் வந்த 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' வீடியோவில் அவர் வைத்திருந்தது 1969-ம் வருஷத்து மஸ்டாங். 2022 மே மாதம் அது ஏலத்தில் 45 லட்சம் டாலருக்குப் போனது! அன்றைய மதிப்பில் நம் பணத்தில் ஏறக்குறைய 35 கோடி. மாணவர்களுக்காகச் செய்த மலிவு கிட்டார்!

இந்த மாதிரி பழைய கிட்டார்களைச் சேகரிப்பவர்கள் ஒன்று சொல்வார்கள்: ஃபேக்டரி பெயிண்டில் கை வைக்காதே, வைத்தால் விலை பாதியாகிவிடும். வெளிநாட்டுப் பழைய கிட்டார் வியாபாரிகளிடையே இது பொதுவான கணக்கு.

ஆனால் இந்தக் கணக்கு நமக்குச் செல்லாது. 1991-க்கு முன்பு இங்கே வெளிநாட்டுக் கிட்டார் வாங்குவது சாதாரண வீட்டுப் பிள்ளைகளால் முடியாத காரியம். இறக்குமதிக் கட்டுப்பாடும் வரியும் அப்படி. கிவ்சன் போன்ற கொல்கத்தா கிட்டார்கள்தான் பலருக்கு முதல் கிட்டார். நம் பக்கத்து சர்ச் குவயர்களிலும் கானமேளாக்களிலும் ஒலித்தவை பெரும்பாலும் உள்நாட்டுக் கிட்டார்கள்தான். இன்று விற்கப் போனால் அவற்றுக்குச் சில ஆயிரம் கிடைத்தாலே பெரிது. அதனால் "பெயிண்ட் அடிச்சா விலை போயிரும்" என்று நண்பனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போவதற்கு அங்கே விலையே இல்லை.

பிறகு ஏன் அடிக்காதே என்கிறேன்? நான் அடித்திருக்கிறேன். அதனால்தான்.

என் மாமா ஒரு காலத்தில் சர்ச் குவயரிலும் கானமேளாவிலும் வாசித்தவர். பிறகு கல்ஃப் போய்விட்டார். அவருடைய சிவப்பு கிட்டார் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. (எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை.) பிளஸ் டூ லீவில் அதை இறக்கினேன். பெயிண்ட் அங்கங்கே வெடித்திருந்தது. வாசிக்கும்போது வலது முழங்கைப் பக்கம் உரசும் மேல் ஓரத்தில் பெயிண்ட் முழுவதும் தேய்ந்து மரம் தெரிந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது, அல்லது எனக்கு அப்போது அப்படித் தோன்றியது. ஒரு வாரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கார் பெயிண்ட் அடிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து, பட்டி பூசி, கருப்பு ஸ்ப்ரே அடித்து, காம்பவுண்ட் போட்டுப் பளபளவென்று வாங்கி வந்தேன். மொத்தம் 2,300 ரூபாய்.

சும்மா சொல்லக்கூடாது, போட்டோவில் அட்டகாசமாக இருந்தது. வாசிக்கத்தான் முடியவில்லை. கழுத்து வந்து உட்காரும் குழியை மறைக்காமலே பெயிண்ட் அடிக்கக் கொடுத்தது என் தப்பு. உள்ளே பெயிண்ட் தடித்துப்போய் கழுத்து சரியாகப் பொருந்தவில்லை. சுரண்டித்தான் மாட்டினேன். அதற்குப் பிறகும் பழைய வியாதிகள் எல்லாம் அப்படியே இருந்தன. கம்பி உயரம் அதிகம், விரல் வலித்தது. சுருதி நிற்கவில்லை. ஆம்ப்பில் மாட்டினால் ஒரே இரைச்சல்.

பிறகு ஒரு அண்ணன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் தாண்டும் சின்னப் பட்டை இருக்கிறதே, அதுதான் நட். அதில் காடி ஆழமில்லாமல் இருந்தால் அழுத்தும்போது கம்பி கூடுதலாக இழுபட்டு சுருதி ஏறும். காடி இறுக்கமாக இருந்தால் கம்பி சிக்கி, கீ திருப்பினாலும் சரியாக நகராது. பிளாஸ்டிக் நட்டை எடுத்துவிட்டு மாட்டெலும்பில் ராவி ஒன்று வைத்தார். நம்மூர் மழைக்கால ஈரத்தில் கழுத்து வளைந்திருந்தது. உள்ளே இருக்கும் கம்பியை (டிரஸ் ராட்) ஒரு நாளைக்குக் கால் சுற்று மட்டும் திருப்பி, மெதுவாக நிமிர்த்தினார். பிக்கப் குழிக்குள் செம்புத்தகடு ஒட்டி எர்த் கொடுத்ததும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. செலவு? 400 ரூபாய்க்குள்.

கணக்குப் பாருங்கள். 2,300 ரூபாய் கண்ணுக்கு, 400 ரூபாய் கைக்கு. கிட்டாரை வாசிக்க வைத்தது அந்த 400 ரூபாய்தான்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மாண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி வரும். அவர் எலெக்ட்ரிக் மாண்டலினில் ஒற்றைக் கம்பிகளாக ஐந்து வைத்து வாசித்தார். கர்நாடக சங்கீதத்துக்கு அது தேவைப்பட்டது. வாத்தியத்தைக் கெடுத்துவிட்டார் என்று இன்று யாராவது சொல்வார்களா? வாசிப்புக்காகச் செய்யும் மாற்றம் வேறு, போட்டோவுக்காகச் செய்யும் மாற்றம் வேறு.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. நட், கீ, பிக்கப், வயர் எதை மாற்றினாலும் பழையதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைக்கலாம். நாளைக்குத் திரும்ப மாட்டலாம். உரித்த பெயிண்டைத் திரும்ப ஒட்ட முடியாது.

அது எனக்குப் புரிந்தது வாவுபலி பொருட்காட்சி சமயத்தில் மாமா லீவில் வந்தபோது. கிட்டாரை எடுத்துக் கொடுத்தேன். "கொள்ளாமே மக்களே!" என்று சந்தோஷமாகத்தான் வாங்கினார். மடியில் வைத்தார். கம்பியைத் தொடுவதற்கு முன்பு அவருடைய கை மேல் ஓரத்தைத் தடவியது. ஒரு முறை, இரண்டு முறை. எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் எதுவும் கேட்கவில்லை. ஒரு பழைய பாட்டு வாசித்தார், "கம்பி நல்லா எறங்கி இருக்குடே" என்று நட்டைப் பாராட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எத்தனையோ வருஷம் அவர் கை தேய்த்த இடத்தை ஒரே வாரத்தில் நான் தேய்த்து எடுத்துவிட்டேன்.

"என் கிட்டார், என் காசு, என் இஷ்டம்" என்று நண்பன் சொல்லலாம். சரிதான். மரம் உளுத்திருந்தாலோ, ஏற்கெனவே யாராவது கன்னாபின்னாவென்று பெயிண்ட் அடித்திருந்தாலோ நானும் தடுக்க மாட்டேன். ஆனால் நீ வாங்கிய கிட்டாரில் முன்பு வாசித்தவர் யார் என்று உனக்கே தெரியாது. மூன்று மாதம் அப்படியே வாசித்துப் பார். அதற்குப் பிறகும் உரிக்கத்தான் தோன்றினால் முதலில் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வை. தேய்க்கும்போது மூக்கில் மாஸ்க் போடு, பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். கழுத்துக் குழியை டேப் ஒட்டி மறை.

மாமாவின் கிட்டார் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. தினமும் வாசிக்கிறேன். கார் பெயிண்ட் ஆயிற்றே, இன்னும் ஒரு கீறல்கூட விழவில்லை.

மக்கா, ஞாயிற்றுக்கிழமை கிட்டாரை எடுத்துக்கொண்டு குழித்துறைக்கு வா. முதலில் நட்டைப் பார்ப்போம்.