ஆங்கிலப் பத்தியும் பொருந்தல் நெல்லும்

பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம் என இரு மொழிகளையும் நம் பாடத்திட்டம் அடுத்தடுத்து அமர்த்தியிருக்கிறது. ஆயினும் அவ்விரு வகுப்புகளுக்கும் இடையே ஒரு மதில் எழும்பி நிற்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். தமிழ் உரைநடையைப் படித்து அதன் உட்கருத்தைச் செம்மையாக எடுத்துரைக்கும் மாணவர், அடுத்த மணி நேரத்தில் ஆங்கிலப் பத்தி ஒன்றைக் கண்டதும் வாயடைத்துப் போகிறார். தமிழ் வழியில் பயின்று, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைகளிடம் இந்நிலை மிகுதி. 'இவருக்கு ஆங்கிலம் வராது' என்று நாமும் எளிதில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அத்தீர்ப்பில் பாதியே உண்மை. பத்தி பேசும் பொருள் இன்னதென்று அவருக்கு முன்னரே தெரிந்திருந்தால் அவ்வாங்கிலம் அத்துணை அச்சம் தந்திராது.

இன்று நடப்பது என்ன? வினாவிலுள்ள சொல்லைப் பத்தியில் தேடு. அது கிடக்கும் வரியை அப்படியே பெயர்த்து எழுது என்னும் குறுக்குவழி பள்ளிப் பருவத்திலேயே கைவந்துவிடுகிறது. மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. ஓதுவதும் பொருள் உணர்வதும் வெவ்வேறு என்பதை நம் சமுதாயப் பெரியோர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. திருமறையைப் பொருள் அறியாது ஓதினாலும் அதற்கு நன்மை உண்டு. ஆங்கிலப் பத்திக்கு அப்பேறு இல்லை! வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் செல்லும் இளைஞர் கையொப்பமிடும் ஒப்பந்தத் தாளில் இக்குறுக்குவழி செல்லாது. அங்கே ஒரு நிபந்தனைச் சொல்லைக் கவனியாது விட்டவர் ஆண்டுக்கணக்கில் அல்லற்பட நேரும்.

1988ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்னும் இருவர் 64 பள்ளி மாணவரைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்த்தினர். பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியொன்றை அவர்களுக்குப் படிக்கக் கொடுத்தனர். வாசிப்புத் திறன் குறைந்தவராயினும் ஆட்டத்தை நன்கறிந்தவர், வாசிப்பில் வல்லவராயினும் ஆட்டத்தை அறியாதவரை விடப் பத்தியை நன்கு உணர்ந்திருந்தனர். தாய்மொழியிலேயே இதுவென்றால் அயல்மொழியில் கேட்கவும் வேண்டுமோ? அப்பேஸ்பால் பத்தியை அப்படியே பழனி வட்டாரத்து மாணவரிடம் கொடுத்தால் அவர் விழிப்பார். அவர் ஊரைப் பற்றிய பத்தியைக் கொடுத்துப் பார்க்கலாமே.

எடுத்துக்காட்டாக 'டேட்' என்னும் சிறு சொல்லைக் கொள்வோம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தைப் பற்றிய பத்தியில் அச்சொல் வருமாயின், வாழைப்பழம், வெல்லம், நெய், தேன், ஏலக்காய் ஆகியவற்றோடு சேரும் பேரீச்சம்பழத்தைக் குறிக்கும். பழனிக்குத் தென்மேற்கே சுமார் 12 கிலோமீட்டரில் உள்ள பொருந்தல் அகழாய்வைப் பற்றிய பத்தியில் வருமாயின் அதுவே காலக்கணிப்பு ஆகும். அகராதியில் இரு பொருளும் உண்டு. எதைக் கொள்வது என்பதை அகராதி சொல்லாது, பொருளறிவே சொல்லும்.

பொருந்தல் பத்தி இன்னும் ஒரு படி மேலே இட்டுச் செல்லத்தக்கது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் நிகழ்ந்த அகழாய்வில், ஈமக்குழி ஒன்றில் நான்கு கால்களையுடைய சாடியில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் கிடைத்தது. அதே குழியில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த மட்கலத் தாங்கியும் இருந்தது. அமெரிக்க ஆய்வகம் ஒன்று அந்நெல்லின் கரிமத்தை அளந்து கி.மு. 490 என்று காலம் கணித்தது. தமிழ் எழுத்தின் தொன்மைக்கு இது சான்று என்றார் ராஜன். ஓரிடத்துக் கணிப்பை மட்டும் கொண்டு முடிவுகட்டலாகாது என்று வேறு அறிஞர் கருதினர். இத்தகைய செய்தியை ஆங்கிலத்தில் எழுதுவோர் 'மே' என்றும் 'சஜஸ்ட்' என்றும் அளந்தே எழுதுவர். நம் மாணவர் அச்சொற்களை விட்டுவிட்டுப் 'பொருந்தல் நிரூபித்துவிட்டது' என்று பெருமிதத்தோடு எழுதுவாராயின், ஒரு சொல்லால் பத்தியின் கருத்தே மாறிவிடும். தொல்காப்பியர் தம் கூற்றாக உரைக்காமல் பிறர் கூற்றாகச் சொல்லுமிடத்து 'என்ப' என்று வரையறுத்த மரபில் வந்தவர்க்கு இந்நுட்பம் புதிதன்று. தமிழ் வகுப்பில் கற்ற அதனை ஆங்கில வகுப்புக்கு எடுத்துச் செல்லுமாறு நாம்தான் சொல்லிக்கொடுக்கவில்லை.

பதவுரை, பொழிப்புரை, விளக்கவுரை என நம் உரையாசிரியர் வகுத்த முறைகள் யாவும் பத்தியைப் புரிந்துகொள்ளும் கருவிகளே. பதவுரையோடு நின்றுவிடுவதே ஆங்கிலத்தில் நம் மாணவர் படும் இடர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் கிரேக்க மருத்துவ நூல்களை மொழிபெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் வழக்கை ஒதுக்கி, வாக்கியத்தின் கருத்தை முழுதும் உள்வாங்கிப் பின்னர் தம் மொழியில் எழுதும் முறையைக் கைக்கொண்டார். அவரே மருத்துவர், ஆதலால் நூற்பொருள் அவருக்குக் கைவசம் இருந்தது.

அறிவியல் பத்திக்கும் தொலைவில் அலைய வேண்டுவதில்லை. நம் கண்ணுக்குத் தெரியும் பழனி மலைத்தொடரின் மேலே, கொடைக்கானலில் 1899இல் சூரிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. 1876ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சமே, சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்புண்டா என ஆராயும் எண்ணத்தைத் தூண்டிற்று. 1909இல் ஜான் எவர்ஷெட் என்னும் அறிஞர், சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதை அங்கே கண்டறிந்தார். அவர் பெயராலேயே அவ்விளைவு இன்றும் வழங்குகிறது. மழையை நம்பி விதைக்கும் உழவரின் பிள்ளைக்கு இப்பத்தியில் ஆர்வம் பிறவாமல் போகுமா?

அறிந்த பொருளையே மீண்டும் மீண்டும் கொடுத்தால் தேர்வில் அறியாப் பொருள் வரும்போது என் செய்வார் என ஆங்கிலத்துறை நண்பர்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. முதலாண்டில் ஊர்ப்பொருளில் தொடங்கி, மூன்றாமாண்டில் அயற்பொருளுக்குச் செல்வோம். அவ்வயற்பொருளையும் முதலில் தமிழில் படித்துவிட்டுப் பின்னர் ஆங்கிலத்தில் படிக்கட்டும். இதில் தமிழ்த்துறைக்குப் பெரும்பங்கு உண்டு. வாரம் ஒரு மணி நேரம் இரு துறைகளும் சேர்ந்து நடத்தினால் போதும், தனிச் செலவில்லை. ஆயக்குடிக் கொய்யாவைப் பற்றிய பத்தி வரும் வாரத்தில் கொய்யா விளைவிக்கும் பெற்றோர் ஒருவரையும், பேரீச்சை வரும் வாரத்தில் அவ்வாணிகம் அறிந்த ஜமாஅத் பெரியவர் ஒருவரையும் அழைத்துத் தமிழில் பேசச் செய்யலாம். அதன்பின் பத்தியை மாணவர் கையில் கொடுப்போம். வினாக்களில் பாதியாவது 'இப்படிக் கூறுவதற்கு ஆசிரியர் காட்டும் காரணம் யாது?' என்னும் வகையைச் சேர்ந்தவையாக அமையட்டும். வரியைப் பெயர்த்தெழுத அங்கே இடமிராது.

வரும் பருவத்தில் முதற்பத்தியாகப் பொருந்தல் நெல்லையே வைக்கலாம். அந்த 'மே' என்னும் சொல்லை எத்தனை பேர் விடாமல் எழுதுகிறார்கள் என்று பார்ப்போம்.