தாய்மொழி யாருக்கு?

புதுவை மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் தாய்மொழி தமிழ். ஆனால் 1956-ம் ஆண்டு இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சே இங்கு ஆட்சிமொழி என்றது.

1965-ல் அந்த முடிவு வந்தது. தமிழ் ஆட்சிமொழியாயிற்று, மாஹேயில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடம் கிடைத்தது. நியாயமான காரியம். எனினும் அதே சட்டம் ஆங்கிலத்துக்கும் கதவைத் திறந்து வைத்தது.

இன்றும் புதுவைத் தொழிலாளியின் வழக்கு சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனால், அங்கே நடவடிக்கை மொழி ஆங்கிலமே. தன் கூலி வழக்கில் தனக்கு என்ன தீர்ப்பு என்பதை அவன் பிறரைக் கேட்டே அறிகிறான்!

தாய்மொழியில் அழவும் சிரிக்கவும் எவர் தயவும் தேவையில்லை. அதில் நியாயம் கேட்டுப் பெறுவதே உரிமை. உத்தரவும் தீர்ப்பும் உழைப்பவன் மொழியில் வரட்டும்! அதற்காக ஒன்றுபட்டுக் குரல் கொடுப்போம்!