கருவிகளுக்கும் நற்சான்றுப் பத்திரம்

கல்லூரியை விட்டு நீங்கும் மாணவன் அதிபரிடம் நற்சான்றுப் பத்திரம் பெற்றுச் செல்லும் வழக்கை யாவரும் அறிவோம். இற்றைநாளிற் கைத்தொலைபேசியும் அத்தகைய பத்திரமொன்றை ஏந்தியே பல வாயில்களிற் போய் நிற்கின்றது. தன்னோடு பேசுங் கருவி மெய்யானதா, அதன் மென்பொருளைப் பிறர் திரித்தனரா என வங்கியின் கணினி வினவும். கருவியினுட் பதிந்துள்ள மறைச்சாவியால் ஒப்பமிட்ட சிறு சான்றுச்சீட்டு விடையாகச் செல்லும். அச்சீட்டில் எவை எழுதப்படல் வேண்டும் என்பதைப் பொறியியலாளர் மட்டுமே தீர்மானிக்க விட்டுவிடலாகாது என்பது எமது கருத்து.

இணையப் பொறியியல் பணிக்குழு 2023 சனவரியில் வெளியிட்ட 9334ஆம் இலக்க ஆவணம் மூவரைப் பிரித்துக் காட்டுகின்றது: தன் நிலையைக் கூறுங் கருவி, அக்கூற்றை ஆராய்ந்து முடிபு சொல்லுஞ் சரிபார்ப்போன், அம்முடிபை நம்பி வாயில் திறப்போன். இப்பாகுபாடு நன்று. 2025 ஏப்பிரலில் வந்த 9711ஆம் ஆவணம் சீட்டின் அமைப்பை வகுத்தது. எழுத்துக்களாலான ஜேசன் வடிவிலும் அதனை எழுதலாம். பெயர்களுக்குப் பதிலாக எண்களை இட்டுச் சுருக்கும் சீபோர் வடிவிலும் எழுதலாம். சிறு மின்கலத்தில் இயங்கும் உணரிகளுக்குப் பின்னையதே ஏற்றது. பழைய சீட்டைத் திருடி மீண்டும் காட்டுவதைத் தடுக்க, கேட்போன் புதிதாக அனுப்பும் எண்ணொன்றையும் அதிற் சேர்க்கலாம். இவையெல்லாம் போற்றத்தக்கனவே.

எம்மை உறுத்துவது வேறொன்று. கருவியின் வாழ்நாள் முழுவதும் மாறாத அடையாள எண்ணுக்கும் அச்சீட்டில் இடமுண்டு. அதன் நீளம் 33 பைட்டு வரை செல்லும். ஒரே எண்ணை வங்கியிலும், மருந்துக்கடையிலும், செய்தித்தாளின் தளத்திலும் காட்டினால், அம்மூவரும் கூடி ஒருவனது நடமாட்டத்தை முற்றாக அறிந்துவிடலாம். நன்னடத்தைக்குச் சான்று கேட்டவரிடம் கைவிரல் இரேகையையுங் கொடுத்தனுப்புவது போன்றது அது. அவ்வெண் கட்டாயமன்று என்பதும், அந்தரங்கம் பற்றிய எச்சரிக்கையை ஆவணமே தருகின்றது என்பதும் உண்மை. ஆயினும் விரும்பினால் விடலாம் என்ற அளவில் நிற்பது போதாது. கேட்க இடமிருப்பதை வணிகர் கேட்கவே செய்வர். ஒவ்வொரு துறையும் தனக்கென விதிகளை வகுக்கும்போது, தக்க காரணங் காட்டினாலன்றி அவ்வெண் இடம்பெறலாகாது என்று எழுதிவிடல் வேண்டும்.

மற்றுமொன்று. ஆக்கியோர் கைவிட்ட பழைய கருவியும், உடையவன் தானே விரும்பி வேறு மென்பொருள் ஏற்றிய கருவியும் உண்மையையே கூறினும் வாயிலில் மறிக்கப்படக்கூடும். 2023இற் கூகிள் பொறியியலாளர் இணைய உலாவிகளுக்கு இத்தகைய சான்றுமுறையை முன்மொழிந்தபோது எழுந்த கண்டனத்தின் சாரமும் அதுவே. அவ்வாண்டு நவம்பரில் அது கைவிடப்பட்டது. மின்மானிக்கும் மருத்துவக் கருவிக்கும் சான்று கேட்பதை யாம் மறுக்கிலோம். செய்தி வாசிக்க வந்தவனிடமும் அதனைக் கேட்பது தகுமோ?

அப்பணிக்குழுவில் அங்கத்துவக் கட்டணமில்லை. அதன் ஆவணங்களை எவரும் விலையின்றிப் படிக்கலாம், வரைவுகளுக்குக் கருத்தும் அனுப்பலாம். கணினி பயிலும் எம் கல்லூரி இளைஞர் 9711ஆம் ஆவணத்தைக் கையிலெடுப்பின், அந்தரங்கம் பற்றிய பகுதியை முதலிற் படிப்பாராக.