மாசிக் குளிரிலேயே தொடங்கட்டும் வீட்டுத்தோட்டம்

வெளியே பனி இன்னும் விலகவில்லை, இப்போது தோட்டத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் ஜேர்மனியில் மிளகாயும் கத்தரியும் நன்றாகக் காய்க்க வேண்டுமானால் பெப்ரவரியிலேயே விதை போட வேண்டும். மே மாதம் கடையில் கன்று வாங்கி நட்டால் போதும் என்று இருப்பவர்கள் தோட்டத்தின் பாதி நன்மையை இழந்துவிடுகிறார்கள் என்பதே எனது கருத்து.

எம்மவர்களுக்கு ஐரோப்பியரை விடக் குறைந்த வயதிலேயே நீரிழிவு வருகிறது. நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, பழம் உண்ண வேண்டும், வாரத்தில் 150 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரண்டுக்கும் தோட்டம் உதவும். அத்துடன், ஒக்டோபர் முதல் மார்ச் வரை இந்நாட்டு வெயிலில் எமது தோல் போதிய விற்றமின் டி உருவாக்குவதில்லை. கருமையான தோலுக்கு வெயில் இன்னும் கூடுதலான நேரம் தேவை. குளிர்காலம் முழுவதும் நான்கு சுவருக்குள் இருந்த அம்மா அப்பாவிடம் "வெளியே நடந்துவிட்டு வாருங்கள்" என்று புத்தி சொன்னால் கேட்கமாட்டார்கள். தங்கள் கையால் முளைக்கவைத்த கன்றுகள் காத்திருந்தால் தாங்களாகவே வெளியே வருவார்கள்.

இந்நாட்டவர்களின் சிறேபர் தோட்டங்களும் ஆரோக்கியத்தை எண்ணியே தொடங்கியவை. லைப்சிக் நகர மருத்துவர் சிறேபரின் பெயரில் 1864இல் அமைந்த சங்கம் முதலில் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் அமைத்தது. அதன் ஓரத்தில் பிள்ளைகளுக்காகப் போட்ட பாத்திகளே பின்னர் பெற்றோரின் தோட்டங்களாயின. இன்று நாடு முழுவதும் சுமார் 9 இலட்சம் சிறுதோட்டங்கள் உள்ளன. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒன்று 400 சதுர மீற்றருக்கு மேற்படக் கூடாது. பெரிய நகரங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. ஆகவே இப்போதே பெயரைப் பதிந்து வையுங்கள். அதுவரை பல்கனியும் சாடிகளும் போதும்.

மிளகாய், கத்தரி விதைகளைப் பெப்ரவரியில் சிறு சாடிகளில் இட்டு, 20 முதல் 25 பாகை சூடுள்ள அறையில், வெளிச்சமான யன்னலோரம் வையுங்கள். தக்காளிக்கு மார்ச் நடுப்பகுதி போதும். வெளியே மண்ணை ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பாருங்கள். களிபோல் ஒட்டினால் கொத்தாதீர்கள், உதிர்ந்தால் கொத்தலாம். மார்ச்சில் பசளிக்கீரையும் முள்ளங்கியும் விதைத்து மெல்லிய துணியால் மூடலாம். மிளகாய், கத்தரி, தக்காளிக் கன்றுகளை மே 15, அதாவது இங்குள்ளோர் "குளிர் சோஃபி" என்று சொல்லும் நாள், கழியும் வரை வெளியே நடவேண்டாம்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். முள்ளோ கண்ணாடியோ குத்தினாலும் தெரியாது. செருப்போடு இறங்காமல் மூடிய சப்பாத்து அணியுங்கள். ஏற்புவலித் தடுப்பூசியைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டும். பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் இருப்போர் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள். முதுகுவலி உள்ளவர்களுக்கு உயர்த்திக் கட்டிய பாத்தி நல்லது.

ஊரிலிருந்து பயணப்பெட்டிக்குள் விதை கொண்டுவரும் வழக்கத்தையும் நாம் விடவேண்டும். 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விதை கொண்டுவரத் தாவர நலச் சான்றிதழ் தேவை. இங்கே விளைந்த நல்ல மிளகாயின் விதையைக் காயவைத்து எடுத்தாலே அடுத்த ஆண்டுக்குப் போதும்.

பாத்தி கட்டவும் பசளை போடவும் எமது பெரியவர்களுக்குத் தெரியும். இந்நாட்டுக் காலநிலையும் மொழியும் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து வேலை செய்ய இதைவிட நல்ல இடம் இல்லை. எமது சங்கம் இம்மாதமே ஒரு விதைப் பரிமாற்ற நாளை நடத்தினால் என்ன? ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பிடி விதை கொண்டுவந்தால் போதும்.