பாட்டியின் கைநாட்டு செல்லுமா?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் அரசிதழில் வந்துவிட்டன. முக்கியமான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதம், நடைமுறைக்கு வருகின்றன. அவகாசம்தான் இருக்கிறதே என்று நம் துறையில் பலர் இதைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். கைபேசிச் செயலிகளுக்கும் சமூக ஊடக நிறுவனங்களுக்குமான சட்டம், நமக்கு என்ன என்று கேட்பவர்களும் உண்டு. எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு நன்கொடை திரட்டித் தரும் ஒவ்வோர் அறக்கட்டளையும், ஓர் அறையும் ஒரு மடிக்கணினியும் மட்டுமே வைத்திருந்தாலும், இச்சட்டத்தின் பார்வையில் தரவுப் பொறுப்பாளர்தான். பயனாளிகள் பட்டியல் எக்செல்லில் ஏறிவிட்டால் சட்டம் பொருந்தும். களப்பணியாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்கும் பொருந்தும். குழந்தைகள் தொடர்பான கடமையில் தவறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம்.

சட்டத்தின் அடிப்படையை இவ்விதழ் முழு மனதோடு வரவேற்கிறது. குழந்தையைக் காட்டிக் காசு கேட்கும் பழக்கம் நம் துறையில் ஊறிப்போனது. நோட்டுப் புத்தகத்தை வாங்கும் கை, அதைத் தரும் பெரிய மனிதரின் சிரிப்பு, பின்னால் பேனர். ஆண்டு முடிவில் நன்கொடையாளருக்கு ‘உங்கள் குழந்தையின் முன்னேற்ற அறிக்கை’. கோவிட் காலத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளின் விவரங்கள் ஊர் ஊராகச் சுற்றியபோது, 2021 ஜூன் 7 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. பாதிக்கப்பட்ட குழந்தைகளின் அடையாளத்தை வெளியிட்டு, தத்தெடுக்க ஆள் அழைத்து, அவர்கள் பெயரில் தொண்டு நிறுவனங்கள் நிதி திரட்டுவதைத் தடுக்க வேண்டும் என்றது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதற்கு முன்பே இருந்தது. இரண்டுக்கும் பிறகும் பேனர்கள் இறங்கவில்லை.

முகத்தை மங்கலாக்கிவிட்டோம், பெயரை மாற்றிவிட்டோம் என்பது போதாது. ‘பிரம்மதேசத்தைச் சேர்ந்த ஏழாம் வகுப்புச் சிறுமி, பெற்றோர் இல்லை, பாட்டியிடம் வளர்கிறாள்’ என்று எழுதினால் சென்னையில் இருப்பவருக்கு அது யாரோ ஒரு குழந்தை. பிரம்மதேசத்தில் இருப்பவருக்குத் தெரு, வீடு, திண்ணை வரைக்கும் தெரியும். அந்த அறிக்கையை அனுப்பியது எய்ட்ஸ் குழந்தைகளுக்கான அறக்கட்டளை என்பதும் சேர்ந்துகொண்டால் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. திண்டிவனத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் தெரிந்த முகம் எதிர்ப்படுமே என்று பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் இருக்கும் வட்டாரம் இது. ஊர் சின்னதாகச் சின்னதாக, பெயர் நீக்கிய விவரமும் பெயர் சொல்லும். ஆகவே இந்த இதழிலிருந்து கள அனுபவக் கட்டுரைகளில் ஊர்ப் பெயர், வகுப்பு, குடும்ப அமைப்பு மூன்றும் ஒன்றாக வராது. குழந்தைகளின் படங்களை, முதுகுப்புறம் தெரியும் படமானாலும், வெளியிடமாட்டோம்.

நன்கொடையாளர் சோர்ந்துவிடுவாரே என்ற கவலைக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான தமிழ்நாடு அறக்கட்டளை 2009இல் 5 கோடி ரூபாய் மூலதனத்தோடு தொடங்கியது; பின்னர் அது 25 கோடியாக உயர்த்தப்பட்டது. வைப்பு நிதியின் வட்டி குழந்தைகளின் கல்விக்கும் ஊட்டச்சத்துக்கும் போகிறது. எந்தக் குழந்தைக்கு எவர் பணம் என்ற பேச்சே அதில் கிடையாது. சிறிய அறக்கட்டளைகளும் ஒரு குழந்தைக்கு ஒரு புரவலர் என்ற முறையை விட்டுப் பொதுநிதி முறைக்கு வருவதில் தடை ஏதும் இல்லை. நன்கொடையாளருக்குத் தணிக்கை செய்த கணக்கும், எத்தனை பேருக்கு என்ன செலவு என்ற எண்ணிக்கையும் போதும். இதற்குமேல் கேட்பவரிடம் மாட்டோம் என்று சொல்ல நாம் பழக வேண்டும்.

இவ்வளவும் நம் கையில் இருப்பது. நம் கையில் இல்லாத ஒன்று, இவ்விதழ் பல காலமாகச் சொல்லிவருவது, இந்த விதிகளால் இப்போது முற்றியிருக்கிறது.

குழந்தையின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அதைப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ தர வேண்டும். நம் குழந்தைகளில் பலருக்குப் பெற்றோர் இல்லை. வளர்ப்பது பாட்டி, சில வீடுகளில் அத்தை, சில வீடுகளில் பெரியம்மா. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தில் பாட்டி இயற்கைப் பாதுகாவலர் இல்லை. அவர் சட்டப்படியான பாதுகாவலராக வேண்டுமானால் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் நியமனச் சட்டத்தின்படி நீதிமன்றம் போக வேண்டும். நூறு நாள் வேலையில் ஒரு நாள் கூலியை விட்டு, வக்கீலைப் பிடித்து, மகனும் மருமகளும் எப்படி இறந்தார்கள் என்பதை மனுவில் எழுதி, அது எத்தனை வாய்தா போகும் என்று தெரியாமல் அலைய வேண்டும். ஐந்நூறு ரூபாய் ஸ்கூல் பைக்காகவா?

இதில் ஒரு தவறான புரிதலை விலக்க வேண்டும். டிஜிலாக்கர் கட்டாயம் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். விதியில் அப்படி இல்லை; ஒப்புதல் தருபவரின் வயதையும் அடையாளத்தையும் காட்டும் நம்பகமான விவரம் இருந்தால் போதும். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டியாலும் அது முடியும். விதி வயதையும் அடையாளத்தையும்தான் சரிபார்க்கச் சொல்கிறது, உறவை நிரூபிக்கச் சொல்லவில்லை என்று வாதாட இடம் இருக்கிறது. நானும் அப்படித்தான் வாசிக்க விரும்புகிறேன். ஆனால் 200 கோடி என்ற எண்ணைப் பார்த்துவிட்ட எந்த ஆடிட்டர் இந்த வாசிப்பை நம்பிக் கையெழுத்துப் போடுவார்? பாதுகாவலர் சான்று இல்லாத குழந்தைகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வார். பெற்றோர் இருவரும் இல்லாத குழந்தைதான் முதலில் விடுபடும். உதவி மிக அதிகம் தேவைப்படும் குழந்தையும் அதுவே.

அண்ணன், அக்கா வளர்க்கும் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பாதுகாவலர் பிரிவுபோல் ஒன்றை இந்தியச் சட்டங்களில் வேறெங்கும் நான் கண்டதில்லை. பன்னிரண்டு வயது நிறைந்து, பதினெட்டு ஆகாத பிள்ளை, எச்.ஐ.வி. பாதித்த குடும்பத்தைத் தானே நடத்திவந்தால், தம்பி தங்கைகளுக்குப் பாதுகாவலராகலாம். பள்ளியில் சேர்க்கலாம், சிகிச்சைக்கு அழைத்துச் செல்லலாம், வங்கிக் கணக்கை இயக்கலாம், சொத்தைப் பராமரிக்கலாம். நம் வீடுகளின் நிலைமையைப் பார்த்து நாடாளுமன்றம் எழுதிய பிரிவு அது. தரவுச் சட்டமோ பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரையும் குழந்தை என்கிறது. ஒப்புதல் தருபவர் வயது வந்தவராக இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு சட்டங்கள் முரண்பட்டால் தரவுச் சட்டமே மேலோங்கும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. தங்கையின் மாத்திரைக்குப் பொறுப்பேற்கத் தகுதி உள்ள பதினைந்து வயது அக்காவுக்கு, தங்கையின் பெயரை நோட்டுப் புத்தகப் பட்டியலில் சேர்க்கச் சொல்லத் தகுதி இல்லை. பத்து வயது நிறைந்த பிள்ளை தன் சேமிப்புக் கணக்கைத் தானே இயக்கலாம் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் சொன்ன அதே நாட்டில்தான் இந்த நிலை.

இந்த ஒப்புதல் விதிக்கான விலக்குப் பட்டியலைப் பாருங்கள். மருத்துவமனைக்கு விலக்கு உண்டு. ஆகவே முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை தடைப்படாது. பள்ளிக்கு உண்டு, குழந்தைக் காப்பகத்துக்கு உண்டு. பள்ளிக்காகக் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் குறிப்பிட்ட அளவில் உண்டு. அந்த வண்டிக்கு மாதாமாதம் கட்டணம் கட்டும் அறக்கட்டளைக்கு இல்லை. அரசு தன் நலத்திட்டங்களுக்குத் தனி வழி வைத்துக்கொண்டிருக்கிறது. கோவிட் காலத்தில் உறவினர் ஆதரவில் வளரும் குழந்தைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தபோது ‘உறவினர்’ என்ற சொல்லுக்கு இடம் இருந்தது. தொண்டு நிறுவனம் தரும் உதவி என்றால் மட்டும் உறவினர் மறைந்து ‘சட்டப்படியான பாதுகாவலர்’ வந்து நிற்கிறார். புத்தொழில் நிறுவனங்களுக்குச் சில கடமைகளைத் தளர்த்த வழி வைக்கத் தெரிந்தவர்களுக்குத் தாய் தகப்பன் இல்லாத பிள்ளை நினைவுக்கு வரவில்லை. வரைவு விதிகள் 2025 ஜனவரியில் பொதுக் கருத்துக்கு வைக்கப்பட்டன. எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் குழந்தைகள் உரிமை ஆணையமும் இருக்கும் நாட்டில், அரசின் ஒரு கை எழுதிய சட்டத்தை மறு கை படித்திருக்க வேண்டாமா?

இந்தப் புறக்கணிப்பு புதிதில்லை. மூத்த பிள்ளையைப் பாதுகாவலராக ஏற்கும் பிரிவு நடைமுறைக்கு வந்து ஏழு ஆண்டு தாண்டிவிட்டது. அதைச் சொல்லிக் கணக்குத் திறக்கப் போன பிள்ளையை வங்கிக் கிளை ஏற்றுக்கொண்டதாக எங்கள் வட்டாரத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. பள்ளியில் ‘பெரியவங்க யாராவது வாங்க’ என்றுதான் சொல்கிறார்கள். ஆலோசகர்கள் சட்ட நகலைக் கொடுத்தனுப்பியும் பலன் இல்லை. மேலிடத்துச் சுற்றறிக்கை இருக்கிறதா என்கிறார்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தை சிறப்புப் பிரிவில் வருகிறது. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் சலுகை வேண்டுமானால் அதற்கான சான்றை நீட்ட வேண்டும். நிலையை வெளியிடும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு சட்டம் சொல்லியும், வெளியிட்டால்தான் இடம் என்று ஆகிவிடுகிறது. தகுதியுள்ள குடும்பங்கள் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவதை இணைப்புப் பணியாளர்கள் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறார்கள். புதிய விதிகளின் அறிவிப்புப் படிவத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. என்னென்ன தரவு, எந்த நோக்கத்துக்கு என்று பிரித்து எழுதித் தர வேண்டும் என்கிறது விதி. அப்படி எழுதிய தாள் ஓட்டு வீட்டின் தகரப் பெட்டியில் கிடந்தால் அதுவே வெளியீடு. இதை மத்திய அமைச்சகத்தில் ஒருவராவது யோசித்திருப்பாரா?

வெளிநாட்டுப் பணமும் குறைந்துவரும் நேரம் இது. வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நிதியைப் பெரிய அமைப்பு சிறிய அமைப்புக்குப் பகிர முடியாது. 2025இல் அமெரிக்க உதவியும் உலகெங்கும் ஆட்டம் கண்டது. உள்ளூர் நன்கொடைதான் மிச்சம். அதையும் படிவத்தில் சிக்கவைத்தால் கிராமத்து அறக்கட்டளைகள் கதவைச் சாத்தும்.

எங்கள் கோரிக்கை சிறியது. விலக்குப் பட்டியலில், எச்.ஐ.வி.யாலோ கொள்ளைநோயாலோ பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குப் பதிவுபெற்ற அறக்கட்டளை தரும் கல்வி, உணவு, பயண உதவியைத் தேவையான அளவு தரவுக்கு மட்டும் சேர்க்க வேண்டும். விளம்பரத்துக்கும் நன்கொடையாளர் அறிக்கைக்கும் அந்த விலக்கு செல்லக் கூடாது. குழந்தையை உண்மையில் வளர்ப்பவர் யார் என்று ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரோ குழந்தைகள் நலக் குழுவோ நோயின் பெயர் இல்லாமல் தரும் ஒரு பக்கச் சான்று போதும் என்று மத்திய மின்னணு அமைச்சகம் தெளிவுபடுத்த வேண்டும். எச்.ஐ.வி. சட்டத்தின் மூத்த பிள்ளைப் பாதுகாவலரும் அதில் அடங்க வேண்டும். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் டெல்லியின் பதிலுக்குக் காத்திராமல், வங்கிகளுக்கும் பள்ளிகளுக்கும் போகவேண்டிய சுற்றறிக்கையை இப்போதே கேட்டு வாங்கலாம்.

வாசகர்களே, உங்கள் பட்டியலில் பாட்டி, அத்தை, அக்கா பொறுப்பில் உள்ள குழந்தைகள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை மட்டும், பெயரோ ஊரோ இல்லாமல், மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலகுகளுக்கு எழுதித் தெரிவியுங்கள். விதிகள் முழுமையாக வருவது 2027 மே மாதம். ஜூனில் பள்ளி திறக்கும். அந்த ஆண்டின் நோட்டுக்கும் சீருடைக்கும் வாங்கும் விண்ணப்பத்தில் யார் கைநாட்டு வைப்பது என்பதை அரசு அதற்குள் எழுத்தில் சொல்லியாக வேண்டும்.