கணவாய்க்குள் வெள்ளைப் புழு

கேள்வி: சந்தையில் வாங்கிய ஊசிக் கணவாயைச் சுத்தம் செய்தபோது உள்ளே வெள்ளை நூல்போல் ஏதோ இருந்தது. புழுவா? பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, பள்ளிப்பட்டு

பதில்: வெள்ளையாகத் தெரிவதெல்லாம் புழு அல்ல. ஆண் கணவாயின் விந்துப் பைகளும் நூல்போல்தான் இருக்கும். ஆனால் 2 முதல் 3 செ.மீ. நீளத்தில், கடிகார வில்போல் சுருண்டிருந்தால் அது அனிசாகிஸ் என்னும் உருளைப்புழுவின் இளம்பருவமாக இருக்கலாம். திமிங்கிலம், டால்பின் வயிற்றில் வளரும் இந்தப் புழுவின் முட்டைகள் கழிவோடு கடலில் கலக்கும். இறால் போன்ற சிற்றுயிர்கள் வழியாகக் கணவாய்க்குள் வந்துசேரும். மனிதர் உயிரோடு விழுங்கினால் சில மணி நேரத்தில் கடும் வயிற்றுவலி, வாந்தி வரலாம்.

ஐஸில் வைத்து வந்தாலும், உப்பும் எலுமிச்சைச் சாறும் போட்டு ஊறவைத்தாலும் புழு செத்துவிடும் என்று நம்பக் கூடாது. சதையின் உள்ளே 60 டிகிரி செல்சியஸ் சூடு 1 நிமிடம் நின்றால் செத்துவிடும். குடலில் இருக்கும் புழு நேரமாக ஆகச் சதைக்குள் நுழையும். ஆகவே வாங்கி வந்ததும் குடலை நீக்கி, புழுவை எடுத்துவிட்டு, நன்றாகக் கொதிக்கவைத்துச் சமைத்தால் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

செத்த புழுவும் சிலருக்கு ஒவ்வாமை தரும். சாப்பிட்டபின் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.